நரைக்கு மருதாணி இடலாமா?

தலையில் முதல் நரை தோன்றும் நாள், எந்த இல்லத்திலும் சிறு கலக்கம் எழும் நாள். அந்த ஒரு முடியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் வயதும் அதனோடு போய்விடும் என்று எண்ணுவோர் உண்டு. பிடுங்கிய இடத்தில் மீண்டும் வெண்முடியே முளைக்கின்றது. பிறகு கடையை நாடுகிறோம். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலும் சரி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலும் சரி, தலைச்சாயப் பொட்டலங்கள் எளிதில் கிடைக்கின்றன. அதே வேளையில், பல வீடுகளின் வேலியோரத்தில் மருதாணி கேட்பாரற்றுத் தழைத்து நிற்கின்றது.

நரைத்த தலைக்கு மருதாணி இட்டு மெல்லிய செந்நிறம் ஏற்றிக்கொள்வது உடலுக்கு நல்லதா, கிறிஸ்தவக் குடும்பத்தாருக்கு அது தகுமா என்று தாய்மார் சிலர் கேட்கின்றனர். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள் உடல்நலமும் அடங்கியிருக்கின்றது, உண்மையும் அடங்கியிருக்கின்றது. ஆகவே இம்மாதம் அவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிந்திப்போம்.

இலையின் இயல்பு

மருதாணியை நம் முன்னோர் மருதோன்றி என்றும் அழவணம் என்றும் வழங்கினர். வறண்ட நிலத்திலும் வளரும் செடி இது. வேலியாக நட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் இலை தரும். நம் நாட்டில் இது பெரும்பயிராக விளைவது இராஜஸ்தான் மாநிலத்துப் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் வட்டாரத்தில். சோஜத் மருதாணிக்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

விவிலியத்துக்கும் மருதாணி அந்நியமன்று. உன்னத சங்கீதத்தின் முதல் அதிகாரத்தில், எங்கேதித் திராட்சைத் தோட்டங்களில் பூத்த மருதாணிக் கொத்துக்கு மணவாட்டி தன் அன்பரை ஒப்பிடுகின்றாள். சாக்கடலின் கரையில் உள்ள எங்கேதி, பாலைநிலத்தின் நடுவே நீரூற்று உள்ள பசுந்தோட்டம். எகிப்திலோ மருதாணியின் வரலாறு இன்னும் பழைமையானது. ஏறத்தாழத் தொண்ணூறு வயது வாழ்ந்து மறைந்த மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பதனிட்ட உடல் 1976-இல் பாரிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு ஆராயப்பட்டது. அவருடைய நரைத்த முடிக்கு மருதாணியால் செந்நிறம் ஏற்றப்பட்டிருந்ததை ஆய்வாளர் கண்டனர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நிறம் முற்றிலும் மறையவில்லை.

இவ்விலையில் அப்படி என்ன இருக்கின்றது? உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அளவே உள்ள 'லாசோன்' என்னும் நிறப்பொருள்தான் அதன் உயிர். இலையை அரைத்துப் புளிப்பான நீரில் குழைத்து வைத்தால் இந்நிறப்பொருள் வெளிப்படுகின்றது. நம் முடி, நகம், மேல்தோல் ஆகிய மூன்றும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. லாசோன் அப்புரதத்தோடு இணைந்து பற்றிக்கொள்கின்றது. ஆகவேதான் கைவிரலில் சிவக்கும் மருதாணி தலையிலும் சிவக்கின்றது. தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாவதால் கையின் சிவப்பு மங்கிப்போகின்றது. முடியில் பற்றிய நிறமோ நெடுங்காலம் நிற்கின்றது.

இங்கே ஒன்றை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். மருதாணி முடியின் சொந்த நிறத்தை அழிப்பதில்லை. சிவப்புக் கண்ணாடி வழியே ஒரு பொருளைப் பார்க்கும்போது அதன் இயல்பான நிறமும் சேர்ந்து தெரிவதுபோல, மருதாணிச் செம்மையின் அடியில் பழைய நிறமும் தெரியும். கன்னங்கரிய முடியில் வெயில் படும்போது மட்டும் ஒரு செம்மினுக்கம் தோன்றும். இயல்பிலேயே பழுப்பான முடி செம்பழுப்பாகும். முற்றும் நரைத்த முடி செம்பு நிறமோ ஆரஞ்சு நிறமோ பெறும். கறுப்பும் வெளுப்பும் கலந்த தலையில் வெள்ளை இழைகள் மட்டும் செம்பிழைகளாக மின்னும். எனவே மருதாணி இட்ட நரைத்தலை, 'இது நரைத்த தலை. அதற்கு நிறமூட்டியுள்ளனர்' என்று பார்ப்போர்க்கு ஒளிவின்றிச் சொல்லிவிடுகின்றது. இவ்வியல்பைப் பின்னர் மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.

மெல்லிய நிறம் பெறும் வழி

தோளளவு முடிக்கு ஏறத்தாழ நூறு கிராம் மருதாணிப் பொடி போதும். பசுந்தழை கிடைப்பின் அதனை நீர் அதிகம் விடாமல் விழுதாக அரைத்துக்கொள்ளலாம். தேயிலையைக் கொதிக்கவைத்து வடித்த நீர் வெதுவெதுப்பாக ஆறியபின், ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றையும் சேர்த்துக் கெட்டித் தயிரின் பதத்தில் குழைத்து, மூடி, இரவு முழுவதும் வைத்திருத்தல் வேண்டும். காலையில் மேற்பரப்பு சற்றுப் பழுப்பேறியிருந்தால் நிறம் வெளிப்பட்டுவிட்டது என்று பொருள்.

முந்தின நாளே சீயக்காயிட்டு எண்ணெய்ப் பசை நீங்கக் குளித்துத் தலையை உலர்த்திக்கொள்க. எண்ணெய் படிந்த முடியில் நிறம் ஒட்டாது. முடியைப் பகுதி பகுதியாக வகிர்ந்து, வேரிலிருந்து நுனிவரை விழுதை இட்டுப் பழந்துணியால் கட்டிவிடலாம். மெல்லிய சாயல் மட்டும் வேண்டுவோர் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் அலசிவிடுதல் நன்று. ஆழ்ந்த சிவப்பு வேண்டுவோர் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருப்பர். நிறத்தை மேலும் அடக்கமாக்க, மருதாணியோடு நெல்லிக்காய்ப் பொடியைக் கலப்பது உண்டு. அது செம்மஞ்சளைத் தணித்துப் பழுப்பின் பக்கம் திருப்பும். அலசுவதற்கு வெறும் நீரே போதும். அன்றைக்குச் சீயக்காயோ ஷாம்புவோ இடாதிருத்தல் நிறத்துக்கு நல்லது. விழுது தலையைக் குளிர்விக்குமாதலால், மலைமேல் வாழ்வோர் மார்கழிக் காலைப்பொழுதைத் தவிர்த்து வெயிலேறிய வேளையில் இதனைச் செய்வது நலம்.

புதிதாக இட விரும்புவோர்க்கு ஓர் எளிய யோசனை. சீப்பில் வந்த நரைமுடிகள் சிலவற்றைச் சேர்த்து நூலால் கட்டி, முதலில் அவற்றை விழுதில் தோய்த்துப் பாருங்கள். அரைமணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என எடுத்து அலசி உலர்த்தினால், எவ்வளவு நேரம் தமக்கு ஏற்றது என்பது தெரிந்துவிடும். தலையில் ஏறிய நிறத்தை எளிதில் இறக்க முடியாது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் முடிக்காகக் காத்திருப்பதே வழி.

அவசரப்படுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலசியவுடன் நரைமுடி பளிச்சென்ற ஆரஞ்சு நிறமாகத் தெரியும். காற்றுப்பட்டு இரண்டு நாளில்தான் அது ஆழ்ந்த சிவப்பாக அடங்கும். ஆகவே இல்லத்தில் திருமணமோ, புதுநன்மை விழாவோ, பங்குத் திருநாளோ இருப்பின், முந்தின மாலையை விட்டு மூன்று நாள் முன்னதாகவே இட்டுக்கொள்க.

மலை தந்த கடுக்காய், சமவெளி தந்த அவுரி

நம் பாட்டிமார் மருதாணியை இரும்பு வாணலியில் ஊறவைத்ததும், அதில் கடுக்காய்த் தூள் சேர்த்ததும் காரணமின்றி அன்று. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டிலிருந்து திரட்டும் பொருள்களுள் தேனும் புளியும் போலக் கடுக்காயும் முதன்மையானது. தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலமாக அது பயன்பட்டு வருகின்றது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடினால் கருநிறம் பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுத்து மை செய்த பழைய முறையும் இதே அறிவில் எழுந்ததே. தேயிலையிலும் நெல்லிக்காயிலும் இத்துவர்ப்பு உண்டு. எனவே இரும்பு வாணலியில் ஊறிய கலவை, மருதாணியின் சிவப்பைச் சற்றுக் கருமைப்படுத்தி அடக்கமான நிறமாக்குகின்றது.

இன்னும் கருமை வேண்டுவோர்க்கு அவுரி உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரமோ 1993-இல் பழைய தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. அத்தென்னார்க்காடு ஒரு காலத்தில் அவுரிச் சாயத்துக்குப் பெயர்போன நாடு. திண்டிவனம் வட்டாரத்தில் அத்தொழில் இன்றும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. முதலில் மருதாணி இட்டு அலசியபின், அவுரியிலைப் பொடியை வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்புடன் குழைத்துக் கால்மணி நேரத்துக்குள் தலையில் இட்டால், சிவப்பும் நீலமும் கூடிக் கரும்பழுப்பு பிறக்கும். மருதாணிக்குப் புளிப்பு வேண்டும். அவுரிக்குப் புளிப்பு ஆகாது. மருதாணி இரவெல்லாம் ஊறலாம்; அவுரியைக் குழைத்தவுடன் இட வேண்டும். இவ்விரண்டையும் மறந்தவர்களே 'பிடிக்கவில்லை' என்று குறைகூறுவர்.

பொட்டலத்துள் இருப்பது என்ன?

இனி எச்சரிக்கைக்கு வருவோம். இதனை ஒவ்வொரு குடும்பத் தலைவியும் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

தூய மருதாணி ஒருபோதும் கன்னங்கரேலெனப் பிடிக்காது. ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரையே அதன் எல்லை. அப்படியிருக்க, 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில், அரைமணி நேரத்தில் நரையைக் கருக்கும் பொடிகள் விற்கப்படுகின்றன. அவ்விரைவும் அக்கருமையும் இலையிலிருந்து வருவன அல்ல. அத்தகைய பொடிகள் பலவற்றில் 'பாரா பினைலின் டையமின்' என்னும் இரசாயனம் சேர்க்கப்பட்டுள்ளது, சுருக்கமாகப் பி.பி.டி. என்பர். சாதாரணத் தலைச்சாயங்கள் பலவற்றிலும் இருப்பது இதுவே. ஐரோப்பிய ஒன்றியம், தலையில் இடும் கலவையில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கலாகாது என வரம்பிட்டுள்ளது. தோலில் வரைவதற்கு இதனை அனுமதிப்பதேயில்லை. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-இல் இதனையே அவ்வாண்டின் குறிப்பிடத்தக்க ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

இது எல்லாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் ஒவ்வாதவர்க்குத் தலையும் நெற்றியும் அரித்து, காதோரம் நீர்வடிந்து, கண்ணிமைகள் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கும். இட்ட அன்றே தெரியாமல், ஓரிரு நாள் கழித்துத் தோன்றுவதால் பலர் சாயத்தை ஐயுறாமல் உணவையோ வெயிலையோ குற்றஞ்சாட்டுகின்றனர். ஒருமுறை இவ்வொவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. பத்தாண்டுகள் தீங்கின்றிப் பூசி வந்தவர்க்கும் பதினோராம் ஆண்டில் திடீரென வரலாம். எனவே 'எனக்கு ஒன்றும் செய்யாது' என்ற துணிவு வேண்டாம்.

நம் நாட்டு விதிகளின்படி இத்தகைய சாயப் பொட்டலங்களில் எச்சரிக்கையும் முன்சோதனை முறையும் அச்சிடப்பட வேண்டும். கண்ணிமைக்கும் புருவத்துக்கும் இடலாகாது, பார்வை கெடும் என்பதும் அவ்வெச்சரிக்கையில் உண்டு. எழுத்து பொடியாக இருக்கலாம். பிள்ளைகளைக் கொண்டாவது படிக்கச் செய்யுங்கள். காதின் பின்புறம் சிறிது பூசி, இரண்டு நாள் காத்திருந்து, அரிப்போ சிவப்போ இல்லையெனக் கண்டபின்பே தலைக்கு இடுங்கள். பொட்டலத்தில் உட்பொருள்களின் பெயரே இல்லையெனில் அதனை வாங்காதீர்கள். நீரில் குழைத்த உடனேயே கருநிறம் காட்டும் பொடி தூய மருதாணி ஆகாது. சில பொடிகளில் உலோக உப்புகளும் கலந்திருக்கும். அவற்றை இட்ட தலைக்கு அழகு நிலையத்தில் நிறம் வெளுக்கும் மருந்து இட்டால் முடி கருகி ஒடியவும் கூடும்.

தூய மருதாணிக்கும் ஓர் எல்லை உண்டு. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, சிறப்பாகப் பச்சிளங் குழந்தைகளுக்கு, உடலில் மருதாணி பூசியதால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை முற்றிய நிகழ்ச்சிகளை அரபு நாட்டு மருத்துவர்கள் எழுதியுள்ளனர். அக்குறைபாடு வெளியே தெரியாது. எனவே கைக்குழந்தையின் கையிலும் காலிலும் தலையிலும் மருதாணி வேண்டாம்.

குழந்தையின் தலையில் தெரியும் செம்மை

மருதாணி இடாமலேயே தலை சிவந்து தோன்றும் ஒரு நிலையையும் இங்கே கூறியாக வேண்டும். சிறு பிள்ளைகளின் தலை செம்பட்டையாக இருப்பதைக் கண்டு, 'வெயிலில் அலைவதால் வந்தது. எண்ணெய் வைத்தால் சரியாகும்' என்று விட்டுவிடுகிறோம். பல பிள்ளைகளுக்கு அது உண்மையே. சிலர்க்கு அது பிறவி நிறம். ஆனால் முன்பு கறுப்பாக இருந்த முடி மெலிந்து, செம்பழுப்பாகி, இழுத்தால் வலியின்றிக் கையோடு வந்துவிடுமாயின், அது பசியின் அடையாளமாக இருக்கலாம். புரதச் சத்து போதாத குழந்தையின் முடி இவ்வாறே நிறம் மாறுகின்றது. கால் வீக்கமும் சோர்வும் சேர்ந்திருந்தால் ஐயத்துக்கு இடமேயில்லை.

மலைக்கிராமங்களில், பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்ல, முதியோரிடம் வளரும் பிள்ளைகளிடத்தில் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அங்கன்வாடிகளில் எடை பார்ப்பதோடு மேற்கையின் சுற்றளவையும் நாடாவால் அளப்பர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அப்பிள்ளைக்கு வேண்டியது எண்ணெயன்று. முட்டையும் பருப்பும் பாலும் மருத்துவரும். 2022 முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகின்றது. பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திக்கச் செல்லும்போது குழந்தைகளின் தலையையும் ஒருகணம் பார்த்து வரலாமே! பாட்டியின் தலையில் செம்மை அழகு. பேரப்பிள்ளையின் தலையில் அது சில வேளை அழுகுரல்.

மனச்சான்றின் கேள்வி

இனி இரண்டாம் கேள்வி. நரைக்கு நிறமூட்டுவது தகுமா?

பழைய திருச்சபையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தோர் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தெர்த்துல்லியானும், பின்னர் கார்த்தேஜ் நகர ஆயராய் விளங்கி வேதசாட்சியான புனித சிப்பிரியானும் பெண்கள் முடிக்குச் சாயமிடுவதை ஏற்கவில்லை. தெர்த்துல்லியான் இதற்கு ஆதாரமாகக் கொண்டது, ஒரு முடியையேனும் வெண்மையாக்கவோ கருமையாக்கவோ உன்னால் இயலாது என்னும் கருத்தில் ஆண்டவர் மலைப்பொழிவில் உரைத்ததை.

ஆனால் மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் அவ்விடத்தைத் திறந்து முன்னும் பின்னும் படித்துப் பாருங்கள். அங்கே ஆண்டவர் பேசுவது ஒப்பனையைப் பற்றியன்று, ஆணையிடுவதைப் பற்றியது. தலையின் மேல் ஆணையிடாதே என்கிறார். அடுத்த வசனத்திலேயே, ஆம் என்றால் ஆம் என்றும், இல்லை என்றால் இல்லை என்றும் சொல்லக் கற்பிக்கின்றார். முடியின் நிறத்தைக் குறிப்பிட்ட இடத்தில் அவர் நம்மிடம் கேட்பது உண்மையையே. அடுத்த அதிகாரத்தில், நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவிக்கொள்ளுமாறும் அவரே கூறுகின்றார். எனவே தன்னைப் பேணிக்கொள்வது அவருக்கு வெறுப்பானதன்று.

புனித தோமாஸ் அக்குயினாரும் தம் இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை ஆராய்ந்துள்ளார். சிப்பிரியானின் கண்டனத்தை எடுத்துக்கொண்டு, இல்லாத அழகை உள்ளதாகக் காட்டிப் பிறரை மயக்குவது வேறு, நோய் முதலியவற்றால் வந்த குறையை மறைப்பது வேறு எனப் பிரித்துக் காட்டுகின்றார். பின்னது ஆகும் என்பதே அவர் முடிவு. முன்னதும் எப்போதும் சாவான பாவமாகாது. தீய நோக்கமோ இறைவனை இகழும் எண்ணமோ சேரும்போதே அவ்வாறாகும். ஆகவே நாம் ஆராய வேண்டியது பூசும் பொருளை மட்டுமன்று, பூசும் நோக்கத்தையும்.

இதற்கு இரண்டு முதியோரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் பெத்லகேமின் பச்சிளங் குழந்தைகளைக் கொன்ற ஏரோது. அவன் தன் வயதை மறைக்கத் தலைமுடிக்குச் சாயமிட்டான் என்று அரண்மனையில் எழுந்த பேச்சை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்துள்ளார். அரியணையை யாரும் பறித்துவிடுவரோ என்ற அச்சத்தில் வாழ்ந்தவனுக்கு நரையும் ஓர் எதிரி.

மற்றவர் மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்தில் வரும் எலெயாசர். வயது தொண்ணூறு. விலக்கப்பட்ட பன்றி இறைச்சியை உண்ணுமாறு அவர் வற்புறுத்தப்பட்டார். பழைய நண்பர்கள் இரக்கப்பட்டு, 'உமக்கு ஆகும் இறைச்சியையே கொண்டுவந்து, அரசன் கட்டளைப்படி உண்பதுபோல நடித்துவிடும்' என்று வழிகாட்டினர். அவர் மறுத்தார். நடிப்பது தம் வயதுக்கும் தம் நரைக்கும் தகாது என்றும், இளைஞர் தம்மைப் பார்த்து வழிதவறுவர் என்றும் எண்ணினார், இறந்தார். நரையின் மாண்பு என்ன என்பதை இவரைவிட விளக்கியவர் இல்லை. லேவியர் ஆகமம் நரைத்தவர் முன் எழுந்து நிற்கச் சொல்வதும், நீதிமொழி நூல் நரையை மகிமையின் முடியாகக் காண்பதும் இத்தகையோரை எண்ணியே போலும்.

இந்த இருவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் இல்லங்களுக்கு வருவோம். நாற்பது கடந்த ஒருவர், வயதைக் குறைத்துச் சொல்லி, தலையைக் கருக்கிக்கொண்டு பெண் பார்க்கச் செல்வாராயின் அது ஒப்பனையன்று, ஏமாற்று. இல்லறத்தின் தோழமையைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை வஞ்சகமாக மறைத்துச் சம்மதம் பெற்றால் அத்திருமணம் செல்லாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098-ஆம் விதி கூறும் அளவுக்குத் திருச்சபை வஞ்சகத்தைப் பெரிதாக எண்ணுகின்றது. ஒரு நரைமுடிக்காகத் திருமணம் செல்லாமற் போகும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பொய்யில் தொடங்கிய வாழ்வு எங்கே போய் நிற்கும் என்பதை எண்ண வேண்டும். தலைக்குச் சாயம் பூசலாம். ஞானஸ்நானப் பதிவேட்டுக்குச் சாயம் பூச முடியாதே!

மறுபுறம், முப்பதிலேயே நரைத்துவிட்ட ஒரு பெண் ஊராரின் கேலிக்கு அஞ்சித் தலைக்கு நிறமூட்டினால், அவளைக் குற்றவாளியாக்குவதற்கு நமக்கு உரிமையில்லை. 'வயதாகிவிட்டது' என்று வேலை மறுக்கப்படும் ஒரு தொழிலாளி தலையைக் கருக்கிக்கொண்டு போனால், நாணப்பட வேண்டியது முதியோரின் உழைப்பை மதியாத சமுதாயமே. இவர்களுக்கும் நாம் சொல்வது, உடலுக்குத் தீங்கில்லாததைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பது மட்டுமே.

கைம்பெண்களைப் பற்றியும் ஒரு சொல். கணவனை இழந்தவள் மருதாணி இடலாகாது, பூச்சூடலாகாது என்னும் பழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இளம் வயதிலேயே துணையிழந்த பெண்களையும் நம் மாவட்டம் கண்டது. யார் செய்த குற்றத்துக்கோ அவர்கள் தலை வாழ்நாளெல்லாம் வாட வேண்டுமோ? நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்டு மனமிரங்கிய ஆண்டவரின் திருச்சபை இப்படியொரு விலக்கை விதித்ததில்லை. மாமியார் ஒருவர் தாமே இலையை அரைத்து, துணையிழந்த மருமகளின் கையில் வைத்துவிட்டால், அதுவே அத்தெருவுக்கு ஒரு நல்ல மறையுரை.

முடிவாக

வேலியோர மருதாணி நரையை மறைப்பதில்லை; நரைக்கு மெல்லிய நிறம் தருகின்றது. வயதை ஒளிக்காமல், வயதுக்கு அழகு சேர்க்கின்றது. கறுப்புப் பொட்டலமோ பல வேளை தன்னுள் இருப்பதையும் மறைக்கின்றது, பூசியவரின் வயதையும் மறைக்கின்றது. இவ்விரண்டுள் எது நம் இல்லங்களுக்கு இசைவானது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நரையை அப்படியே விட்டுவிட விரும்புவோர் அப்படியே விடுக. அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். மருதாணி இட விரும்புவோர் இடுக; அவர்கள் ஆடம்பரக்காரர் அல்லர். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் ஏற்கும் நமக்கு, காலம் போவது புதிய செய்தியா என்ன?

தாய்மாரே, வீட்டில் மருதாணிச் செடி இல்லையெனில் இம்மாதமே ஒரு கிளையை வாங்கி வேலியில் நட்டுவையுங்கள். தழைத்தபின் அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகலில், வீட்டிலுள்ள முதிய தாயை நாற்காலியில் அமர்த்தி, மகளோ மருமகளோ அவர் தலையை வகிர்ந்து பொறுமையாக மருதாணி இடட்டும். அந்த ஒரு மணி நேரம், பல நாளாகப் பேசாமற்போன பேச்சுகளுக்கும் இடம் தரும். நம் தலைமுடி ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருக்கும் தந்தை, அது வெளுத்ததா சிவந்ததா என்று பார்த்து நம்மை நேசிப்பதில்லை. உண்மையோடும் ஒருவரையொருவர் பேணும் அன்போடும் வாழும் இல்லங்களில் அவர் அருள் நிறைவதாக!